ஜன்னலில் கையசைப்பவர்

அன்று சட்டையை மாமாவே இஸ்திரி போட்டுக்கொண்டார். மகள் கையை நீட்டியும் கொடுக்கவில்லை. காலரைத் திருப்பித் திருப்பித் தேய்த்தார். பிறகு பேன்ட்டை எடுத்தார்.

"ஏம்ப்பா, கீழேருந்து பார்த்தா நெஞ்சு வரைக்கும்தான் தெரியும். பேன்ட்டு எதுக்கு?"

"கசங்கின பேன்ட்டோட உக்காந்தா மூஞ்சியும் கசங்கிடும்மா."

அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பகல் முழுக்க வேலை. கூட வேலை செய்யும் ஒருத்தியிடம் சொல்லி இன்றைக்கு முறையை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தாள்.

அவள் கணவன் சமையலறை மேசையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். தின்னவில்லை.

வழிகாட்டி வேலை அவனுக்கு. துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய தெருக்களில் பயணிகளை நடத்திக் கூட்டிப்போவான். ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கியவர்கள் முதலில் குடியேறிய தெருக்கள் அவை. இப்போது வருகிறவர்களும் அங்கேதான் ஒண்டுகிறார்கள். மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்தபடி, பாதித் தூரம் பின்பக்கமாகவே நடந்து, இந்த வீட்டில் இன்னார் இருந்தார்கள், இந்த நிலவறையில் இன்னது செய்தார்கள் என்று சொல்வான். அவர்கள் குடியிருந்த வீடும் அந்த வழியில்தான் இருந்தது. கடைசிக்கு முந்திய நிறுத்தம்.

சொல்வதெல்லாம் நகரத்து மொழியில். தமிழ்க் கூட்டம் இதுவரை வந்ததில்லை. இன்றைக்கு வருகிறது. மேலாளர் சொன்ன அன்று அவன் அதை வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு மாமா வேறு எதையும் பேசவில்லை.

"வருஷக்கணக்கா கீழ நின்னு என்னைக் காட்டி என்னமோ சொல்றீங்க மாப்பிள்ளை. அவங்கல்லாம் கை ஆட்டுறாங்க. நானும் ஆட்டுறேன். ஒரு எழவும் புரியாது. இன்னிக்குப் புரியும்."

"பெருசா ஒண்ணுமில்ல மாமா."

"ஒண்ணுமில்லாததுக்கா அன்னிக்கு ஒரு அம்மா கையில முத்தம் வெச்சு என்னைப் பார்த்து ஊதினா?"

"யாரு? எப்போ?" என்றாள் மகள். "இதையெல்லாம் எங்கிட்ட சொல்றதே இல்ல."

"சொன்னா ஜன்னலைச் சாத்திடுவே."

மருமகன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். வெளியே துணிக்கொடிகள் ஆடின. "காத்து ஜாஸ்தியா இருக்கு. இன்னிக்குத் திறக்க வேணாமே மாமா."

"திறக்காம எப்படிக் காதுல விழும்?"

"வழி மாறினாலும் மாறும். பாலத்துகிட்ட ரோடை வெட்டிப் போட்டிருக்கான்."

"நம்ம வீட்டு முன்னாடி வெட்டலையே."

"ஏங்க, அவரு ஆசைப்படுறாரு. நின்னு நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்," என்றாள் அவள். "நானும் கேட்டதே இல்ல. நீங்க வீட்ல பேசுறதை வெச்சுப் பார்த்தா, வெளிய வாயைத் திறப்பீங்களான்னே எனக்குச் சந்தேகம்."

மாமா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அடுப்பைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க. உங்க அத்தையைப் பத்தியும் சொல்வீங்கல்ல?"

"சொல்வேன் மாமா."

"அந்த ரொட்டி விஷயம்?"

"அதையும்."

"அதைக் கேட்டா சிரிப்பாங்க," என்றார் மாமா.

அவர் ரொட்டி சுட்டவர். பின் சந்தில், நிலத்துக்கடியில் இருந்த அடுப்பில் முப்பது வருஷம். அந்த அறைக்கு வெளிச்சம் தலைக்கு மேலே நடைபாதையில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் வழியாகத்தான் வரும். அதன் மேல் போகிறவர்களின் செருப்படிகள் தெரியும். வேறொன்றும் தெரியாது. நகரத்து மொழியில் மாவு, உப்பு, சீக்கிரம், கருகிப்போச்சு இவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. இவ்வளவுதான் தெரியும். வேலையை விட்டு நின்றதும் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். இனிமேல் முகங்களைப் பார்க்கலாம் என்றார்.

அவர் மனைவி அந்த வீட்டில்தான் வாழ்ந்தார். பொத்தான் பட்டறைக்கு வேலைக்குப் போனார், உள்ளறையில் மகளைப் பெற்றார், நாலு வருஷத்துக்கு முன் அதே அறையில் இறந்துபோனார்.

அதற்கு அடுத்த வருஷம் ஒரு நாள் வழிகாட்டி ஒரு கூட்டத்தை வீட்டு முன்னால் நிறுத்தியிருந்தான். காரை பெயர்ந்த சுவரையும் பொதுக் கழிப்பறையையும் காட்டி, ஏழைகள் இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மேலே இருந்த மாமா அவனைப் பார்த்துவிட்டுக் கையசைத்தார். யார் அது என்று ஒரு பெண் கேட்டாள். என் மாமனார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், நீயும் இங்கேயா இருக்கிறாய் என்ற கேள்வி வரும். வாய் வரவில்லை. அவர் மனைவிக்காகக் காத்திருக்கிறார் என்றான். பின்னால் வரும் கப்பலில் வருவதாகச் சொன்னவள் வரவே இல்லை, அவருக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது, கூட்டமாக யாரைக் கண்டாலும் அதில் அவள் இருப்பாள் என்று கையசைப்பார் என்றான்.

அந்தப் பெண் அழுதாள். நடந்து நடந்து கால் ஓய்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். எல்லோரும் மேலே பார்த்துக் கையை ஆட்டினார்கள்.

அடுத்த நாள் இன்னொரு கூட்டம் அந்த மனிதரைக் காட்டச் சொல்லிக் கேட்டது. அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. மேலாளர் விளம்பரத் தாளில் அந்த ஜன்னலைப் படமாகவே போட்டார்.

இந்த ஒரு வாரமாகக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவன் மாமியாரின் உண்மைக் கதையைத் தமிழில் சொல்லிப் பழகினான். சொல்வதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. வந்தார். இருந்தார். போனார்.

கீழே இறங்கும்போது சாவிக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். வேறு நாட்டுக்காரர். தினமும் அந்தக் கதையைக் கடையிலிருந்தே கேட்பவர். மாமாவுக்கு அவரோடு சைகையிலேயே சிநேகம். இன்றைய விசேஷத்தையும் மாமா கைகளால் அவரிடம் சொல்லியிருந்தார்.

"அப்போ இன்னிக்குப் பெரியவருக்கும் புரியும்?" என்று சாவிக்கடைக்காரர் நகரத்து மொழியில் கேட்டார்.

அவன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாக நடந்தான்.

*

துறைமுகக் கொட்டகை முன்னால் கூட்டம் காத்திருந்தது. ஒரே குடும்பம்போலப் பேசிக்கொண்டார்கள். பெரிய கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள்தான் தலைவி. யார் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்தான் சொன்னார். முட்டிக்கு உறை போட்ட ஒருவர் வரும்போதே உட்கார இடம் தேடினார்.

"தம்பி, நம்மாளா நீங்க? ரொம்ப சந்தோஷம்," என்றார் கண்ணாடி அம்மாள். "எங்க அண்ணன் பொண்ணு போன வருஷம் வந்தா. உங்களைத்தான் சொன்னா. மஞ்சக் குடை, ஒல்லியா இருப்பாருன்னு."

"அப்படியா?"

"அந்த ஜன்னல் பெரியவர் இருக்காரா? பொண்டாட்டிக்காகக் காத்துக்கிட்டு இருப்பாராமே. ஊருக்குத் திரும்பி வந்தும் அதையே சொல்லிச் சொல்லி அழுதா. நான் அவருக்கு ஒண்ணு கொண்டுவந்திருக்கேன்." பையைத் திறந்து காட்டினார். உள்ளே கருநீல ஸ்வெட்டர். கையால் பின்னியது. "பாவம், குளிர்ல ஜன்னல்ல உக்காந்திருப்பாராமே."

அவன் ஸ்வெட்டரைப் பார்த்தான். கழுத்துப் பட்டியில் பின்னல் மிக நெருக்கமாக இருந்தது.

"அவரு இன்னிக்கு இருப்பாரான்னு தெரியலம்மா. உடம்பு சரியில்லன்னு கேள்வி."

"அப்போ மேல போய்க் குடுத்துட்டு வரலாம்."

"இல்ல இல்ல. இருப்பாரு. வாங்க."

முதல் இடங்களில் நேரத்தை இழுத்தான். கொட்டகையில் வந்திறங்கியவர்களின் கண்ணிமையைத் திருப்பிப் பார்த்துச் சோதித்த விதத்தை இரண்டு தரம் சொன்னான். மூன்று மதங்களுக்குக் கைமாறிய தொழுகைக் கூடத்தில் கூரை உத்தரங்களைப் பற்றிக்கூடப் பேசினான். தங்கும் விடுதியில், ஒரே கட்டிலில் மூன்று ஆட்கள் முறை வைத்துத் தூங்கியதைச் சொன்னபோது, முட்டி உறைக்காரர் கையை உயர்த்தினார்.

"எங்க வீட்டுலயும் அதே கதைதான் தம்பி. ஒரு கட்டிலுக்கு நானும் நாயும் போட்டி. தினம் நாய்தான் ஜெயிக்குது."

"நாயாவது குறட்டை விடாது," என்றார் அவர் மனைவி.

அவனும் சிரித்தான். நல்ல கூட்டம். தாய்மொழியில் சொல்வது இவ்வளவு சுலபமா என்று தோன்றியது. உடனே அந்தத் தெரு நினைவுக்கு வந்தது.

பொத்தான் பட்டறை தாண்டியதும் இடப்பக்கச் சந்தில் திரும்பினான். அந்த வழியாகப் போனால் வீட்டைத் தொடாமல் கடைசி நிறுத்தத்துக்குப் போய்விடலாம்.

"தம்பி, இந்தத் தாள்ல நேராப் போகுதே வழி," என்றார் கண்ணாடி அம்மாள். விளம்பரத் தாளை விரித்துப் பிடித்திருந்தார். அதில் ஜன்னல் இருந்தது. ஜன்னலில் மாமா இருந்தார்.

அவன் திரும்பி நேராக நடந்தான்.

*

ஜன்னல் விரியத் திறந்திருந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். பின்னால் மகள் அவர் தோளில் கையை வைத்து நின்றாள். கீழே சாவிக்கடைக்காரர் வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வழிகாட்டி சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றான். வழக்கமாக நிற்கும் இடம். வெயில் கேட்பவர்களின் கண்ணில் படாது. மேலே பார்க்கவில்லை.

"இந்த வீட்டுல மூணாவது மாடியில ஒருத்தர் இருக்காரு," என்று தொடங்கினான். குரல் தெருவெல்லாம் கேட்டது. "ரொட்டி சுட்டவரு. இந்த ஏரியாவுல எல்லாரும் தின்ன ரொட்டி அவரு கையால வந்தது. நெலத்துக்கு அடியில வேலை. மேல போறவங்களோட செருப்பை வெச்சே யாருன்னு சொல்வாரு."

மேலே மாமா லேசாக இருமினார். சந்தோஷத்தில் இருமும் இருமல் அது. அவனுக்குத் தெரியும்.

"செருப்பு தேஞ்சிருந்தா அந்த வீட்டுக்கு ஒரு ரொட்டி கூடப் போகும். கேட்டா, எண்ணிக்கை தப்பிடுச்சும்பாரு."

"அட," என்றார் முட்டி உறைக்காரர்.

மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவனுக்குத் தைரியம் வந்தது. "அவரு சம்சாரம் கப்பல்ல வந்து எறங்கின அன்னிக்கு நல்ல மழை. இவரு அடுப்படியிலேருந்து நேரா..."

"தம்பி, ஒரு நிமிஷம்." கண்ணாடி அம்மாள் கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டார். "வந்து எறங்கினாங்களா? வரவே இல்லன்னுதானே எங்க பொண்ணு சொன்னா. அதனாலதானே அவருக்குப் புத்தி பிசகிப்போச்சு?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் குடைப் பிடியைத் திருகினான்.

"அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்," என்றார் அந்த அம்மாள். அவர் கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது. தெருவின் நடுவுக்குப் போய், அண்ணாந்து, காது கேட்காதவரிடம் பேசுவதுபோல உரக்கக் கேட்டார்.

"ஐயா! உங்க வீட்டம்மா வந்துட்டாங்களா?"

இப்போதுதான் வழிகாட்டி மேலே பார்த்தான்.

மாமா அந்த அம்மாளைப் பார்த்தார். அவர் கையில் விரித்துப் பிடித்திருந்த ஸ்வெட்டரைப் பார்த்தார். பன்னிரண்டு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியாக மருமகனைப் பார்த்தார். அவன் குடையைக் கீழே இறக்கியிருந்தான்.

அவன் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். மாமா அதற்கு இடம் கொடுத்துத்தான் காத்திருந்தார்.

"இல்லம்மா," என்றார் மாமா. "இன்னும் வரல."

எப்போதும்போலக் கையை அசைத்தார்.

கூட்டம் முழுவதும் கையசைத்தது. முட்டி உறைக்காரர் கர்சீப்பை எடுத்தார். மாமாவின் தோளிலிருந்து மகளின் கை எடுபட்டது. ஜன்னலில் இப்போது அவர் மட்டும் இருந்தார்.

சாவிக்கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"வாங்க," என்றான் வழிகாட்டி, குடையை உயர்த்தி. "இன்னும் ஒரு இடம் இருக்கு."

*

சாயங்காலம் அவன் ஸ்வெட்டரைக் காகிதப் பையோடு சமையலறை மேசையில் வைத்தான். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தோல் கனமாக வந்தது. கிழங்கில் பாதி அதோடு போனது.

"அந்த அம்மா குடுக்கச் சொன்னாங்க."

அவள் நிமிரவில்லை. மாமா ஜன்னல் பக்கமில்லாமல் அடுப்புப் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டையை இன்னும் மாற்றவில்லை.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்," என்றாள் அவள். "எங்கம்மா வரவே இல்லன்னா நான் எங்கேருந்து வந்தேன்?"

அவன் காகிதப் பையின் மடிப்பை நீவினான்.

"உங்களைத்தான் கேட்கறேன். என்னை எந்தக் கப்பல்லேருந்து எறக்கினீங்க?"

"விடும்மா," என்றார் மாமா.

"நீங்க பேசாதீங்கப்பா. உங்களைக் கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க? வரலன்னீங்க. அந்த ரூம்ல கெடந்து செத்தாங்களே, அவங்க யாரு?"

"மாப்பிள்ளை பத்து பேரு முன்னாடி நிக்கறாரும்மா."

"நிக்கட்டும்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

மாமா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். அடுப்பு சுட்ட தழும்புகள் வெளுத்துப்போயிருந்தன. "மாப்பிள்ளை, உக்காருங்க. அதை எப்படிச் சொல்வீங்க? அந்தப் பாஷையில சொல்ற மாதிரியே சொல்லுங்க. நான் கேக்கணும்."

"வேணாம் மாமா."

"வேணும்."

அவன் சொன்னான். கப்பலைச் சொன்னான். மழைக் கோட்டோடு துறைமுகத்தில் நிற்பதைச் சொன்னான். சொல்லும்போது குரல் தானாகவே வழக்கமான இடங்களில் தாழ்ந்தது. அது அவனுக்கே கேட்டது.

"பைத்தியம்னு சொல்வீங்களா?"

"மறதின்னு சொல்வேன்."

"அந்த அம்மா பிசகிப்போச்சுன்னாங்களே."

"...சில நாள் அப்படியும் சொல்லியிருக்கேன்."

மாமா தலையாட்டினார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். "அதான் அவங்க அப்படிப் பார்த்திருக்காங்க. நான்கூட நெனப்பேன். முப்பது வருஷம் வெறும் செருப்பைப் பார்த்துட்டு, மூஞ்சிய நிமிர்ந்து பார்த்தா எல்லாரும் இவ்வளவு நல்லவங்களா இருக்காங்களேன்னு."

"மாமா..."

"ரொட்டி செஞ்சவன்னு சொல்லிப் பார்த்ததுண்டா?"

"இல்ல."

"ஏன்?"

"அப்புறம் நீங்க யாருன்னு கேப்பாங்க. நான் யாருன்னு கேப்பாங்க. இந்த வீட்டுலதான் நானும் இருக்கேன்னு..."

அவள் கத்தியை வைத்துவிட்டு முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தான். இல்லை. தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோலப் பார்த்தாள்.

"நாளைக்கு யாரு வர்றாங்க?" என்றாள்.

"வேற பாஷைக்காரங்க. எப்பவும் போல."

"நானும் வரேன்."

"வீட்டுலதானே இருப்பே..."

"கீழ வரேன். கூட்டத்தோட நின்னு கேக்கறேன். அந்தப் பாஷை எனக்கும் தெரியும்ல?"

உருளைக்கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "நாளைக்கு எங்கம்மா வந்தாகணும்," என்றாள்.

மாமா அதற்குள் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டிருந்தார். இருவர் பேசுவதும் அவருக்குக் கேட்டதா என்று அவர்கள் பார்க்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது வந்து தலையைக் குனிந்து சாப்பிட்டார். உப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

*

மறுநாள் வெயில் இருந்தது. இருபது பேர் கூட்டம். வழிகாட்டி வீட்டு முன்னால் வந்து நின்றபோது அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் உடுப்பில் இருந்தாள். கூட்டத்தின் பின்வரிசையில், ஒரு வயதான தம்பதிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

அவன் நகரத்து மொழியில் தொடங்கினான்.

இது நான் குடியிருக்கும் வீடு என்றான். சிலர் குடையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மேலே என் மாமனார் இருக்கிறார் என்றான். ரொட்டி சுட்டவர் என்றான். அவர் மனைவி கப்பலில் வந்து இறங்கிய நாளில் மழை பெய்தது. அவர் அடுப்படியிலிருந்து சுடச்சுட ஒரு ரொட்டியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினார். அந்த அம்மாள் வந்ததும் இரண்டு கையையும் அவர் கோட்டுக்குள் விட்டார். ரொட்டி ஆறும்வரை எடுக்கவில்லை. பிறகெல்லாம் கணவரிடம் சொல்வார், அன்றைக்கு நான் கட்டிப்பிடித்தது உங்களை இல்லை, ரொட்டியை என்று...

யாரும் அவனைப் பார்க்கவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கைகள் உயர்ந்தன. கைபேசிகள் உயர்ந்தன. எல்லாம் மேலே பார்த்து இருந்தன.

அவன் திரும்பினான்.

மாமா கருநீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலில் இருந்தார். தலை வாரியிருக்கவில்லை. வேண்டுமென்றே கலைத்ததுபோல் இருந்தது. மருமகன் என்ன சொல்கிறான் என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது நேற்றுச் சாயங்காலம் கேட்ட கதை. ஒரு கையைப் புருவத்துக்கு மேல் வைத்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டித் துறைமுகத்துப் பக்கம் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். ஒவ்வொரு பெண்ணின் முகத்திலும் ஒரு கணம் நின்றார். மகள் முகத்திலும் நின்றார். அவளை அடையாளம் தெரியாததுபோல அடுத்த முகத்துக்குப் போனார்.

நன்றாகச் செய்தார். வழிகாட்டி ஒரு நாளும் அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

"மாமா, வேணாம்," என்று தமிழில் சொன்னான். குரல் மேலே எட்டவில்லை.

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து அவள் குரல் வந்தது. அதுவும் தமிழில்.

"மேல பார்க்காதீங்க. சொல்லி முடிங்க."

அவன் சொல்லி முடித்தான். கூட்டம் மேலே பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தது. மாமா அவனைப் பார்த்து, சரியாகச் செய்தேனா என்று கேட்பதுபோலத் தலையை அசைத்துவிட்டு, மறுபடியும் துறைமுகத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.